மெர்லின் விழுந்தால் வீடு வரும்

ஏழு படிகளின் மேலிருந்து ஸ்கேட்போர்டோடு குதித்த மெர்லின், தரையில் வாய் மோத விழுந்து முன்பல் இரண்டை இழந்த செவ்வாய்க்கிழமை காலையில், அவள் விழுந்த சிமென்ட் தரையில் ரமணியக்காவின் பழைய வீடு தெரிந்தது. முதலில் ரத்தம் என்று நினைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார்கள். ரத்தம் போயிற்று, வீடு போகவில்லை. அடிபட்ட தோல் கன்றிப்போனால் என்ன நிறம் வருமோ அந்த நிறத்தில், நடுவில் கருநீலமும் ஓரத்தில் ஊதாவுமாக, தார்ப்பாய்க் கூரையும், கூரை பறக்காமல் இருக்க வைத்த இரண்டு செங்கல்லும், வாசலில் கவிழ்த்த பிளாஸ்டிக் தொட்டியும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரையில் படிந்திருந்தன.

"இது எங்க ஊடு," என்றாள் ரமணியக்கா, இடுப்புக் குடத்தை இறக்காமலே. "செங்கல்லு நான் வச்சதுதான். ஆனா கதவு இவ்ளோ கோணலா இருந்ததில்ல."

"கோணலாத்தான் இருந்திச்சி," என்றார் அவள் புருஷன். "அப்பவே சொன்னேன், நீதான் கேக்கல."

அந்தக் கதவைப் பற்றி அவர்கள் மத்தியானம் வரை பேசினார்கள். மெர்லினின் பற்களை யாரோ ஒரு ரேஷன் ரசீதில் மடித்து அவள் அம்மா ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்கள்.

செம்மண்குளம் குடியிருப்பின் கடைசிக் கட்டடத்தில் இருந்த முப்பத்தெட்டுக் குடும்பங்களும் ஒருகாலத்தில் நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்தவர்கள்தான். ஒன்பது வருடம் முன்பு ஒரு வேலை நாளில், ஆம்பளைகளும் பொம்பளைகளும் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மஞ்சள் இயந்திரங்கள் வந்து முப்பத்தெட்டு வீட்டையும் தரையோடு தரையாக்கின. சாயங்காலம் திரும்பியவர்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே, நான்கு மாடியும் ஒழுகும் சுவருமாக நின்ற இந்தக் கட்டடத்தில் இறக்கிவிட்டார்கள். போட்டோ எடுத்து வைத்தவர் ஒருவரும் இல்லை. தான் இருக்கிற வீட்டை யார் போட்டோ எடுக்கிறார்கள்?

போர்டு வந்த கதை இன்னும் சின்னது. நகரத்திலிருந்து சில வாலிபர்கள் வந்து, கட்டடத்துக்குப் பின்னால் சிமென்டில் ஒரு வளைந்த மேடு கட்டி, சக்கரம் வைத்த எட்டுப் பலகைகளைக் கொடுத்து, இரண்டு மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏழு பலகை உடைந்தது. எட்டாவது மெர்லினிடம் இருந்தது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, வீட்டில் ஒரே பிள்ளை, அப்பா இல்லை. பலகையின் வாலைக் காலால் தட்டினால் பலகை காலோடு ஒட்டிக்கொண்டு எழும்பும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழு படியையும் ஒரே எழும்பலில் தாண்டி, நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட, நிற்காமல் உருண்டு போக வேண்டும்.

இரண்டாவது தடவை விழுந்தபோது தணிகாசலத்தின் வீடு வந்தது. தணிகாசலம் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். தன் வீட்டைக் குனிந்து பார்த்தவர், தெருப்பக்கம் இருந்த தன் சின்னப் பெட்டிக்கடையும் அதில் தொங்கும் ஷாம்பு சரமும்கூட வந்திருப்பதைக் கண்டு, அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மறுநாள் கூட்டம் என்று அறிவித்தார்.

கூட்டத்தில், இப்படி ஏன் நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தது யார் வீடு என்றுதான் கேட்டார்கள். அந்த மனிதர்களுக்கு வாழ்க்கையில் எது கிடைத்திருந்தாலும் அது டோக்கனில்தான் கிடைத்திருந்தது. தண்ணீர், மண்ணெண்ணெய், இந்தக் கட்டடத்தில் வீடு, எல்லாமே டோக்கன். ஆகவே மிச்சமிருந்த குடும்பங்களுக்குச் சீட்டு எழுதி ஒரு எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். தரை அதற்குக் கட்டுப்படுமா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. தரையும் கட்டுப்பட்டது; அன்றிலிருந்து மெர்லின் விழ விழ, டோக்கன் வரிசைப்படியே வீடு வந்தது. ஸ்டெல்லா மட்டும், "எம் பொண்ணு வுழுறா, நான் முன்னாடி நிக்கக் கூடாது," என்று சொல்லித் தன் பெயரைக் குடத்தில் போடாமல், முப்பத்தெட்டாவது எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள்.

மெர்லினை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் எப்படியும் குதிக்கப் போகிறாளே.

அவளுக்கு இருந்த ஒரே கூட்டாளி டில்லி. இருபத்திரண்டு வயது, கட்டடத்தின் சுவர்களில் ஸ்பிரே டின்னால், தலையணை போல உப்பிய எழுத்துகளில் தன் பெயரையும், கூடவே கண் பிதுங்கிய மீன்களையும் வரைகிறவன். சுவரே உரிந்து விழுவதால் அவனை யாரும் தடுத்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. மெர்லின் சின்னதாக ஏதாவது தாண்டி ஒழுங்காக இறங்கினால், தன் உடைந்த போர்டின் பாதியைத் தரையில் படபடவென்று தட்டுவான். பலகைக்காரர்கள் கை தட்டுவதில்லை, பலகையைத் தட்டுவார்கள். வந்துவிட்டுப் போன வாலிபர்கள் விட்டுச்சென்ற பழக்கம் அது. இப்போது தணிகாசலம் அவனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் டோக்கன் எண்ணையும் குடும்பத்தின் பெயரையும் எழுதச் சொன்னார்.

"மீனு வேணாம்," என்றார். "நம்பரு மட்டும்."

பலகை ஓட்டுகிறவர்கள் முதலில் கற்பது விழுவதைத்தான். கையை நீட்டக் கூடாது. மோவாயை மார்போடு ஒட்டி, தோளைக் கொடுத்து, பூனைக்குட்டி போல உருண்டுவிட வேண்டும். பதினைந்து தடவை விழுந்தபின் மெர்லினின் உடம்பு அதை அவளைக் கேட்காமலே செய்யத் தொடங்கியது. பதினாறாவதாக அவள் உருண்டு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டபோது, தரையில் பாக்கியத்தின் வீடு பாதிக் கூரையோடு, மங்கலான மஞ்சளாக, பத்து நாள் பழைய காயம் போல வந்திருந்தது.

"எனுக்கு மட்டும் அரைக்கூரையா?" என்றாள் பாக்கியம். "அல்லாருக்கும் முழுசா வந்திச்சே. இது இன்னா நியாயம்?"

"நல்லா வுழலக்கா அவ," என்றாள் ரமணியக்கா. "வுழத் தெரிஞ்சிகினா. அதான்."

டில்லிக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. பாக்கியத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூரை எவ்வளவு சரிவு, வாசலில் எத்தனை கல், ஜன்னலில் என்ன துணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மூன்று நாள் உழைத்து, கிழக்குச் சுவர் முழுக்க அவள் வீட்டை வரைந்தான். சாக்குப் படுதாவின் நூல்கூடத் தெரிந்தது. மாடிப்படி ஏறுகிறவர்கள் எல்லாம் நின்று, இது பாக்கியம் வீடுதான், அச்சு அசல் என்றார்கள். பாக்கியமும் நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது தம்பி," என்றாள் கடைசியில். "ஆனா இதுல யாருக்கும் அடிபடலியே."

இடிபட்டதை இடிபடாமல் காட்டினால் அதை எப்படி நம்புவது என்று அவள் கேட்டாள். அதன்பின் அவன் எண்களை மட்டும் எழுதினான்.

அந்த மாதத்திலிருந்து ஏழு படியில் பொடிக்கல் கிடக்கத் தொடங்கியது. கட்டைவிரல் நகம் அளவுக்குக் கல் போதும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். பலகை நிற்கும், ஆள் போவாள். யார் போட்டது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் படியின் விளிம்பில் தேங்காயெண்ணெய் இருந்தது. ஒரு நாள் அவள் காற்றில் இருக்கும் நொடியில் மூன்றாவது மாடியிலிருந்து யாரோ, "மெர்லினு, உங்கம்மா மயங்கி வுழுந்துட்டா," என்று கூப்பிட்டார்கள். அன்று மணிக்கட்டு போயிற்று, பாக்கியத்தின் வீடு முழுக் கூரையோடு மறுபடி வந்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்து அவளுக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே வேண்டிக்கொண்டார்கள். பாக்கியம் தன் கையாலேயே ஊட்டினாள்.

வசுந்தரா மேடம் வந்தது இருபதாவது வீட்டின்போது. நகரத்தில் அவருக்கு ஒரு கலைக்கூடம் இருந்தது. வெள்ளைத் தலைமுடியை ஒட்ட வெட்டி, ஆண்கள் செருப்புப் போட்டு, யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவராக இருந்தார். இருபது வீட்டையும் மண்டியிட்டுப் பார்த்தார். தெருவிலிருந்து, பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து, சுவர்க் கிறுக்கலிலிருந்துதான் இந்தக் காலத்தின் கலை வரும் என்று தான் இருபது வருடமாகச் சொல்லி வந்ததாகவும், இன்று அதைக் கண்ணால் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு தணிகாசலத்தோடு பேசி முடிவு செய்தார்: தரையைப் பாளம் பாளமாக அறுத்து எடுத்துக்கொண்டு போவது, அந்த இடத்தில் வழுவழுப்பான புது சிமென்ட் போட்டுத் தருவது, அந்தந்தக் குடும்பத்துக்குச் சட்டம் போட்ட போட்டோ ஒன்று கொடுப்பது. அறுக்கிற இயந்திரமும் மஞ்சள் நிறமாக இருந்தது. அதைப் பார்த்து ஓரிருவர் எழுந்து நின்றார்கள், அப்புறம் உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர் மெர்லினுக்கு ஐஸ் பெட்டியும், வலி நீக்கும் ஸ்பிரேயும், நல்ல போர்டு ஒன்றும் கொடுத்தார். ஹெல்மெட்டும் முட்டிக்காப்பும் கொண்டுவந்தார்தான். அதை மாட்டி விழுந்த அன்று தரையில் ஒரு துணிக்கொடி மட்டும் வந்தது. அடுத்த வாரம் தணிகாசலம் அவற்றைச் சங்க அலமாரியில் வைத்துப் பூட்டினார். வசுந்தரா மேடம் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

கண்காட்சிக்கு மெர்லினையும் ஸ்டெல்லாவையும் கார் வைத்து அழைத்துப் போனார்கள். வெள்ளைச் சுவரில் பாளங்கள் செங்குத்தாக நின்றன. தரையில் படுத்திருந்த வீடுகள் அங்கேதான் முதன்முதலாக எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் கீழும் மெர்லினின் பெயரும், அதன் கீழ், எதனால் செய்தது என்று எழுதும் இடத்தில், 'சிமென்ட், உடல்' என்ற வரியும் இருந்தன. கையில் கண்ணாடித் தம்ளர் வைத்திருந்த ஒருவர் மெர்லினிடம், விழும்போது என்ன நினைப்பாய் என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு பெண் அவள் தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். என்ன செய்யப் போய் விழுந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று, கால் எங்கே வைக்க வேண்டும், தோள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் அவள் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நல்லாக்கீதுல்ல?" என்றாள் ஸ்டெல்லா, ஒவ்வொரு பாளமாகப் பார்த்துக்கொண்டே. "நம்புளுது இன்னும் வரல."

இரண்டு வருடத்தில் முப்பத்தேழு வீடு வந்துவிட்டது. மெர்லினுக்குப் பல் இரண்டு, மணிக்கட்டு இரண்டு தடவை, காறை எலும்பு ஒரு தடவை, வலது முட்டி மூன்று தடவை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இந்த முட்டி இன்னொரு தடவை திரும்பினால் போர்டு கிடையாது, அவள் குடியிருக்கும் நான்காவது மாடிக்குப் படியேறுவதும் கிடையாது என்று சொன்னார். கூடவே வந்த தணிகாசலமும் ரமணியக்காவும் அதைக் கேட்டார்கள், ஆகவே முப்பத்தெட்டுக் குடும்பமும் அறிந்தது. எல்லோரும் வருத்தப்பட்டார்கள். இன்னும் ஒன்றுதானே என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் டில்லிக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு ஆபீசின் வாசலில், அதே உயரத்தில் இருந்த ஏழு படியை மெர்லின் தாண்டிவிட்டாள். நான்கு சக்கரமும் ஒன்றாகத் தொட்டது. உருண்டு போய்க் காவலாளியின் நாற்காலியருகே நின்று திரும்பிப் பார்த்தாள். டில்லி பாதிப் பலகையை இன்னும் பாதியாக உடையும்வரை தட்டினான்.

ஸ்டெல்லாவின் முறை வந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள், மெர்லின் முட்டியில் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நான் வுழ மாட்டேம்மா. இப்ப எனக்கு வந்திட்ச்சி."

ஸ்டெல்லா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நகரத்து ஆபீஸ் ஒன்றில் பன்னிரண்டு மாடி பெருக்கித் துடைக்கிறவள். பிள்ளைமேல் கை ஓங்கியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் காயத்தைக் கழுவியவள் அவள்தான்.

"யாரு கண்ணு உன்ன வுழச் சொன்னா," என்றாள். "நீ குதி. அவ்ளோதான்." கொஞ்சம் பொறுத்து, அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கி காத்தால அவசரத்துல வேலைக்கிப் போனேன். அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு தெரியல. வந்து பாத்தா ஊடே இல்ல. அத்த மட்டும் பாத்துட்டேன்னா போதும் எனுக்கு."

"இடிஞ்ச ஊட்ல அடுப்பு எரிஞ்சா இன்னா, எரியலன்னா இன்னாம்மா?"

"தெரியாதுல்ல," என்றாள் ஸ்டெல்லா.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நாற்காலி போட்டார்கள். வசுந்தரா மேடம் தன் ஆட்களோடு வந்திருந்தார். முப்பத்தெட்டுக் குடும்பமும் படியின் இரண்டு பக்கமும் நின்றது. மெர்லின் மேலிருந்து பார்த்தாள்; படியில் கல் இல்லை, எண்ணெய் இல்லை. கடைசி நாள் என்பதால் பெருக்கியிருந்தார்கள்.

அவள் நினைத்தது ஒன்றே ஒன்று. இவர்கள் இரண்டு வருடமாக விழுவதை மட்டுமே பார்த்தவர்கள். ஒரே ஒரு தடவை இறங்குவதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குப்பின் வீடென்ன, தரையென்ன, அதைவிட அழகானது ஒன்றும் கிடையாது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பலகை ஓட்டுகிறவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

அவள் தள்ளினாள், தட்டினாள், எழும்பினாள். ஏழு படியும் அவளுக்குக் கீழே மெதுவாகப் போயின. நான்கு சக்கரமும் ஒரே சத்தமாகத் தரையைத் தொட்டன. அவள் குனிந்து, நிமிர்ந்து, தண்ணீர்த் தொட்டி வரை உருண்டு போய் நின்றாள். டில்லி பலகையை மூன்று தடவை தட்டினான். மற்ற யாரும் எதுவும் செய்யாததால் நான்காவது தடவை தட்டவில்லை.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புது சிமென்ட் பளபளவென்று இருந்தது.

"பரவால்ல கண்ணு," என்றார் தணிகாசலம், ஆறுதலாக. "இன்னொரு தபா."

புரியவில்லை போலிருக்கிறது, வேகமாகப் போய்விட்டது என்று மெர்லின் நினைத்தாள். மறுபடி ஏறினாள். இந்தத் தடவை இன்னும் உயரமாக, காற்றில் கொஞ்சம் நின்று, சத்தமே வராமல் இறங்கினாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். ரமணியக்கா மோர் கொடுத்தாள், பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். வசுந்தரா மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்பது போலச் சிரித்தார். மூன்றாவது தடவையும் இறங்கினாள். நான்காவதும். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் தள்ளவில்லை. அவர்கள் காத்திருக்கத் தெரிந்தவர்கள். தண்ணீர் லாரிக்கும், பஸ்ஸுக்கும், வீட்டுக்கும் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஒரு கால் களைக்கக் காத்திருப்பது அவர்களுக்குப் பெரிய காரியமா?

"போதும்டி," என்றான் டில்லி, எட்டாவது தடவை அவள் ஏறும்போது, பக்கத்தில் வந்து. "வுட்ரு. அவங்க பாக்க மாட்டாங்க."

"பாப்பாங்க," என்றாள் மெர்லின். மூச்சு வாங்கியது. முட்டி சூடாக இருந்தது. "இந்தத் தபா பாப்பாங்க."

ஒன்பதாவது தடவை எழும்பினாள்; அவள் எழும்பிய எல்லாவற்றிலும் அதுதான் உயரம். படிகளும் நாற்காலிகளும் தலைகளும் கீழே விரிந்தன. முப்பத்தெட்டுக் குடும்பத்தையும் விட்டுவிட்டு அவள் ஒருத்தியைத் தேடினாள். அம்மாவாவது பார்க்கிறாளா என்று பார்த்தாள். அம்மா முதல் வரிசையில், கையில் மோர்த் தம்ளரோடு, அவள் எங்கே வந்து இறங்குவாளோ அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சக்கரம் முன்னால் தொட்டது. மெர்லின் உருளவில்லை; கையை நீட்டினாள். முட்டி திரும்பிய சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது.

கூட்டம் ஓடி வந்தது. "பாத்து, பாத்து, மிதிக்காதீங்க," என்று தணிகாசலம் கைகளை விரித்துத் தடுத்தார். சிமென்டில் அவளைச் சுற்றிக் கருநீலம் ஊறிப் பரவியது. முதலில் ஓலைக்கூரை, பிறகு கதவில்லாத வாசல், வாசலுக்குள்ளே சாமான் அடுக்கிய பலகை, ஒவ்வொன்றாக, இதுவரை வந்த எந்த வீட்டையும்விடத் தெளிவாக. வசுந்தரா மேடம் வாயில் கையை வைத்துக்கொண்டார். ஜனங்கள் முதன்முறையாகக் கை தட்டினார்கள்.

ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். மெர்லினின் கண்ணீரைத் துடைத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். காது மடலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு குனிந்து, அவள் தோளுக்கு அடியில் பார்த்தாள்.

"கொஞ்சம் நவுறு கண்ணு," என்றாள், மிகவும் மெதுவாக. "அடுப்பு மேல படுத்துனுகீற."

மெர்லின் நகர்ந்தாள்.